கடுகு விழித்திருக்கும் நேரம்: பத்தாங் பெர்ஜுந்தையில் ஒரு முள்ளெலி

பள்ளி திறந்த முதல் வாரம். அறிவியல் பாடம் முடிந்ததும் ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன் என் மேசையருகே வந்து உள்ளங்கையை விரித்துக் காட்டினான். ஊசியால் குத்தியது போல ஏழெட்டுச் சிவப்புப் புள்ளிகள். "டீச்சர், என் முள்ளெலிக்கு என்னைப் பிடிக்கவில்லை. அம்மா அதைக் கடையிலேயே திருப்பிக் கொடுக்கச் சொல்கிறார்" என்றான். அழுகையை அடக்கிக்கொண்டு நின்றான்.

அந்த முள்ளெலியையும் அந்த வீட்டையும் அடுத்த ஏழு வாரம் கவனித்து எழுதியது இது. குடும்பத்தாரின் சம்மதத்தோடு எழுதுகிறேன், பெயர்கள் மட்டும் இல்லை. முள்ளெலியின் பெயரைச் சொல்லலாம். கடுகு. சிறுத்தாலும் காரம் குறையாது என்று பாட்டி வைத்த பெயர்.

எங்கள் ஊர் மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்தில் உள்ள பத்தாங் பெர்ஜுந்தை. பெயர்ப்பலகையில் பெஸ்தாரி ஜெயா என்று இருந்தாலும் பெரியவர்கள் வாயில் பழைய பெயர்தான் வருகிறது. ஒரு காலத்தில் பால்மரம் என்னும் ரப்பர், இப்போது எங்கு பார்த்தாலும் செம்பனை. நடுவில் பழைய ஈயச் சுரங்கக் குளங்கள். இந்தக் குடும்பம் தோட்டத்து லயத்தை, அதாவது தொழிலாளர் வரிசை வீட்டை, விட்டுத் தாமான் எனப்படும் குடியிருப்பு வீட்டுக்கு வந்து பல ஆண்டுகள் ஆகின்றன. அப்பா செம்பனைக் குலை லாரி ஓட்டுகிறார். அம்மாவுக்குத் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. அப்பாவின் தாயார் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பால்மரம் சீவியவர்.

நான் முதலில் அந்த வீட்டுக்குப் போனது பிற்பகல் மூன்று மணிக்கு. கூடத்தில் தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் ஒரு கம்பிக் கூண்டு. அடியிலும் கம்பி. வெள்ளெலிக்கு வைக்கும் சின்னக் கம்பிச் சக்கரம் ஒன்று. மூலையில் பழந்துணிக்குள் கைப்பிடியளவு முள் உருண்டை. தொட்டதும் 'புஸ்' என்றது.

அம்மா மூச்சு விடாமல் சொன்னார். பகல் முழுக்கத் தூங்குகிறது. கூப்பிட்டால் வருவதில்லை, தூக்கினால் குத்துகிறது. கொடுத்த கிழங்கைத் தொடுவதில்லை, பாலைக் குடித்துவிட்டுப் பச்சையாகக் கழிகிறது. முள் கொட்டுகிறது. போன வாரம் வாயில் நுரை தள்ளி, கழுத்தை முறுக்கி, தன் முதுகைத் தானே நக்கியது. அதன் பிறகு ஒருநாள் காலை பிணம் போலச் சில்லிட்டுக் கிடந்தது. "இது நோய்ப் பிராணி, டீச்சர். கடைக்காரர் நம்மை ஏமாற்றிவிட்டார்" என்று முடித்தார்.

இவற்றில் நோய் என்று சொல்லத்தக்கது எது, பிராணியின் இயல்பு எது, வீட்டாரின் தவறால் வந்தது எது என்று பிரிப்பதே எனக்கு முன்னால் இருந்த வேலை.

பெயரில் தொடங்கிய பிழை

கிழங்கு ஏன் கொடுத்தீர்கள் என்று கேட்டேன். "லண்டாக் கிழங்குதானே தின்னும்?" என்றார் அப்பா. மலாயில் லண்டாக் என்றால் முள்ளம்பன்றி. கடைகளில் இந்தப் பிராணியை 'லண்டாக் மினி' என்று விற்கிறார்கள். இளஞ்செம்பனையின் குருத்தை முள்ளம்பன்றி குடைந்து தின்பதைத் தோட்டத்தில் பார்த்து வளர்ந்த மனிதர் அவர். இதை அதன் குட்டிவகை என்று நினைத்ததில் வியப்பில்லை.

ஆனால் இரண்டுக்கும் முள்ளைத் தவிர வேறு உறவு கிடையாது. முள்ளம்பன்றி கொறித்துத் தின்னும் இனம், எலிக்கும் அணிலுக்கும் உறவு. முள்ளெலியோ பெயரில் எலி இருந்தாலும் எலியே அல்ல. புழு பூச்சி தின்னும் அதற்கு நெருங்கிய சொந்தம் மூஞ்சூறு. இதைச் சொன்னதும் பாட்டியின் முகம் மலர்ந்தது. "அப்படியென்றால் பிள்ளையார் வாகனத்துக்குப் பங்காளி" என்றார். அன்றிலிருந்து கடுகுக்கு அந்த வீட்டில் மரியாதை கூடியது என்பதையும் பதிவு செய்ய வேண்டும்.

பாட்டிக்கு இன்னொரு நினைவும் இருந்தது. தமிழ்நாட்டிலிருந்து கப்பலில் வந்த அவருடைய தாயார், கக்குவான் இருமலுக்கு முள்ளெலித் தோலைச் சுட்டுத் தேனில் குழைத்துக் கொடுப்பார்கள் என்று சொல்வாராம். தென் தமிழ்நாட்டில் அந்த வழக்கம் இருந்தது உண்மைதான். அங்கே வறண்ட பொட்டல் நிலத்தில் வாழும் முள்ளெலி ஒன்று உண்டு. கக்குவானுக்குத் தடுப்பூசி இருக்கும் காலத்தில் அந்தப் பாவப்பட்ட பிராணியை அப்படிக் கொல்வதற்கு ஒரு காரணமும் இல்லை. மலேசியக் காடுகளில் முள் உள்ள முள்ளெலி கிடையாது. அதே குடும்பத்தில் முள்ளில்லாத, அழுகிய வெங்காயம் போல நாறும் திக்குஸ் பூலான் என்ற பிராணி போன்றவைதான் உண்டு.

கடுகு வேறு. அது நாலுவிரல் முள்ளெலி, அறிவியல் பெயர் அட்டெலெரிக்ஸ் அல்பிவென்ட்ரிஸ். பின்னங்காலில் பெருவிரல் இல்லாததால் நாலுவிரல். தாயகம் ஆப்பிரிக்கா. மேற்கே செனகல் தொடங்கிக் கிழக்கே சோமாலியா வரை, தெற்கே சாம்பியா வரை பரந்து கிடக்கும் புல்வெளி. கூண்டில் பிறந்து எத்தனை தலைமுறை கடந்தாலும் உடம்பு அந்தப் புல்வெளியையே நினைத்துக்கொண்டிருக்கிறது. இருட்டினால் எழுந்து, ஓரிரவில் சில கிலோமீட்டர் நடந்து, வண்டும் புழுவும் தின்று, விடிவதற்குள் புதருக்குள் சுருண்டுகொள்ளும். தனியாக வாழும், இணை சேர மட்டுமே இன்னொன்றை நாடும். அது தனிமையில் வாடுகிறது என்று எண்ணி இரண்டாவதாக ஒன்று வாங்கப் பையன் உண்டியலில் காசு சேர்த்துக்கொண்டிருந்தான். அதை நிறுத்தச் சொன்னேன். ஒரே கூண்டில் இரண்டை விட்டால் சண்டையில் காயப்படும்.

சுருக்குப்பை

பையனுக்குத்தான் இதை முதலில் விளக்கினேன், ஏனென்றால் வலி அவனுடையது. பாட்டியின் வெற்றிலைச் சுருக்குப்பையைக் கேட்டு வாங்கி, கயிற்றை இழுத்துக் காட்டினேன். முள்ளெலியின் முதுகுத் தோலின் ஓரம் முழுக்க இப்படி ஒரு தசை ஓடுகிறது. பயந்தால் அது சுருங்கும். தலையும் காலும் வயிறும் பைக்குள் போய்விடும், முள் எல்லாத் திசையிலும் விறைத்து நிற்கும். முள் என்பது நம் நகத்தைப் போன்ற பொருள்தான். நஞ்சு கிடையாது, எய்யவும் முடியாது. ஓடித் தப்பும் கால் அதற்கு இல்லை, கடித்துப் போராடும் வலுவும் இல்லை. இருக்கும் ஒரே கோட்டை இந்தப் பைதான்.

"நீ எப்படித் தூக்கினாய்?" என்றேன். கூண்டின் மேல்கதவைத் திறந்து, மேலிருந்து கையை இறக்கிக் காட்டினான். ஆப்பிரிக்காவில் முள்ளெலியைக் கொன்று தின்பதில் பெரிய ஆந்தைகள் முன்னணியில் நிற்கின்றன. எலிகளைப் பிடிப்பதற்காகச் செம்பனைத் தோட்டத்தில் பெட்டிக்கூடு வைத்து ஆந்தை வளர்ப்பதை இவன் பார்த்திருக்கிறான். "நீ கையை இறக்கும்போது கடுகுக்கு நீ அந்த ஆந்தை" என்றேன். பையன் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "அப்படியென்றால் அது என்மேல் கோபப்படவில்லையா?" என்று கேட்டான். அந்தக் கேள்விக்காகவே இந்த ஏழு வாரமும் தகும் என்று நினைக்கிறேன்.

முள்ளெலிக்குப் பார்வை மங்கல், மூக்கும் காதும் கூர்மை. எனவே தொடுவதற்கு முன் மெல்லப் பேச வேண்டும், வாசனை காட்ட வேண்டும், இரண்டு கைகளையும் பக்கவாட்டில் தரையோடு கொண்டுபோய் அடியிலிருந்து ஏந்த வேண்டும். அவன் உடுத்திக் கழற்றிய பழைய பனியனைத் துவைக்காமல் கூண்டில் படுக்கையாகப் போடச் சொன்னேன்.

நுரை

அம்மாவை நடுங்க வைத்தது இதுதான். நுரை, முறுக்கும் கழுத்து. வெறிநாய்க்கடி நோய் என்றே அவர் முடிவு கட்டியிருந்தார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். 2017-இல் சரவாக்கில் அந்த நோய் பரவி உயிர்கள் போன செய்திகளைப் படித்தவர்கள் நுரையைக் கண்டால் பயப்படத்தான் வேண்டும். ஆனால் நோயுற்ற பிராணி தடுமாறும், தின்னாது, குடிக்காது. கடுகு என்ன செய்தது என்று மறுபடி கேட்டேன். ஐந்து நிமிடம் முதுகில் நுரை பூசிவிட்டு, ஒன்றும் நடக்காதது போலப் போய்ப் படுத்துக்கொண்டது என்றார்.

அது முள்ளெலிகளுக்கே உரிய பூச்சு வேலை. புதிய வாசனையோ சுவையோ கிடைத்தால் அந்தப் பொருளை மென்று, எச்சிலை நுரையாக்கி, உடம்பை வில்லாக வளைத்து நாக்கால் முள்ளின்மேல் தடவிக்கொள்ளும். ஏன் செய்கிறது என்பதில் ஆய்வாளர்கள் ஒரே முடிவுக்கு வரவில்லை. தன் வாடையை மறைக்க என்பது ஒரு கருத்து. 1977-இல் எட்மண்ட் பிராடி என்ற உயிரியலாளர், முள்ளெலி தேரையின் நஞ்சுச் சுரப்பியை மென்று முள்ளில் பூசிக்கொள்வதைக் காட்டி, இது தற்காப்பு என்று எழுதினார். எனக்கு அந்த விளக்கம் மனத்துக்கு நெருக்கமாக இருக்கிறது. ஆனால் பாதகமில்லாத பொருள்களுக்கும் கடுகு அதையே செய்தது, ஆகவே அது மட்டுமே காரணமாக இருக்க முடியாது.

அன்று என்ன புதிய வாசனை என்று தேடினோம். வெள்ளிக்கிழமை. பூசை முடித்துத் திருநீறும் சந்தனமும் படிந்த கையோடு பையன் அதைத் தூக்கியிருக்கிறான்.

உதிர்ந்த முள்

முள் கொட்டுவதற்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம். ஒன்று வளர்ச்சி. ஆறாவது வாரத்துக்கும் பன்னிரண்டாவது வாரத்துக்கும் இடையில் குட்டி முள் விழுந்து, தடித்த பெரிய முள் தோலைத் துளைத்துக்கொண்டு வரும். குழந்தைக்குப் பல் முளைப்பது போன்ற அவதி அது. அந்த நாள்களில் எந்த முள்ளெலியும் சிடுசிடுக்கும். மற்றது தோல் உண்ணி. அதில் தோல் வெள்ளை வெள்ளையாகப் பொடி உதிர்க்கும், இடைவிடாமல் சொறியும், விழுந்த இடத்தில் புதிய முள் வராது.

கடை சொன்ன வயது இரண்டு மாதம். உதிர்ந்த முள்ளை உருப்பெருக்கியில் பார்த்தோம். அடியில் சிறு குமிழ் இருந்தது, வேரோடு இயல்பாக விழுந்த முள். வழுக்கையும் இல்லை. இருந்தாலும் என் கண்ணை மட்டும் நம்பி முடிவு செய்யக் கூடாது என்று அந்தச் சனிக்கிழமையே கிள்ளானில் சிறு பிராணிகளைப் பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் கொண்டு போனோம். தோலைச் சுரண்டி நுண்நோக்கியில் பார்த்து உண்ணி இல்லை என்றார். வயிற்றுப்போக்குக்குப் பாலை நிறுத்துவதே மருந்து என்றும் சொன்னார். வளர்ந்த முள்ளெலிக்குப் பாலின் சர்க்கரை செரிக்காது.

சில்லிட்ட காலை

இதில் மட்டும் வீட்டாரின் தவறு உயிரைக் குடித்திருக்கும். ஒரு நாள் பயங்கரப் புழுக்கம். கடுகுக்கு வேர்க்குமே என்று பையன் இரக்கப்பட்டுக் கூண்டைப் பெற்றோரின் அறையில் வைத்தான். அப்பா இரவு லாரி முடித்து வந்து, குளிர்சாதனத்தை 18-இல் வைத்துத் தூங்கினார். விடியும்போது கடுகின் வயிறு சில்லிட்டிருந்தது. அரைகுறையாகச் சுருண்டு, அசைத்தால் தள்ளாடியது.

ஐரோப்பிய முள்ளெலி குளிர்காலம் முழுக்க உறங்கும். அதற்காக இலையுதிர்காலத்தில் கொழுப்பைச் சேர்த்துக்கொள்ளும். ஆப்பிரிக்க முள்ளெலியின் உடம்பில் அந்தப் பழைய வழக்கத்தின் தடம் இருக்கிறது, ஆயத்தம் இல்லை. சுற்றுச்சூடு 20 பாகைக்குக் கீழே போனால் அது உறங்கத் தொடங்கிவிடக்கூடும். அப்படி உறங்கும் வீட்டு முள்ளெலி பல நேரம் எழுவதே இல்லை.

அன்று கடுகைக் காப்பாற்றியவர் பாட்டி. யாரும் சொல்லித் தரவில்லை. கைலியில் சுற்றித் தன் வயிற்றோடு அணைத்து ஒரு மணி நேரம் உட்கார்ந்திருக்கிறார். வெந்நீரில் முக்கலாம் என்று யாரோ சொன்னதை மறுத்திருக்கிறார். "கோழிக்குஞ்சு நனைந்தால் என்ன செய்வோமோ அதைச் செய்தேன்" என்றார். அதுவே சரியான முதலுதவி. உடல்சூட்டால் மெதுவாகச் சூடேற்ற வேண்டும், பிறகு மருத்துவரிடம் காட்ட வேண்டும். திடீர்ச் சூடு ஆபத்து.

முள்ளெலிக்கு உகந்தது ஏறத்தாழ 24 முதல் 29 பாகை வரை. எங்கள் ஊரில் இரவு தானாகவே அப்படித்தான் இருக்கிறது. தகரக் கூரையின் கீழே நடுப்பகல்தான் தொல்லை. அப்போது கடுகு தட்டையாகக் கால் பரப்பிக் கிடக்கும். அது சூடு தாளாத அடையாளம்.

பாட்டியின் நாட்காட்டி

முதல் நாள் எல்லோரிடமும் ஒரே கேள்வி கேட்டேன்: நீங்கள் கடுகைப் பார்ப்பது எத்தனை மணிக்கு? அம்மா வேலைக்குப் போகும் முன். பையன் பள்ளி விட்டு வந்ததும். அப்பா சாப்பிட வரும்போது. பாட்டி கடைசியாகச் சொன்னார்: "நாலு மணிக்கு, டீச்சர். விடிகாலை நாலு. அது நன்றாகத்தான் இருக்கிறது. இவர்கள்தான் அது தூங்கும் நேரத்தில் போய் எழுப்புகிறார்கள்."

மரம் சீவியவர்களுக்கு உடம்பில் ஒரு மணி ஓடுகிறது. வெயில் ஏறுவதற்கு முன், குளிர்ச்சியில்தான் பால் நன்றாக ஓடும். ஆகவே மூன்றரைக்கு எழுந்து, சமைத்து, பெரட்டு என்ற ஆள் கணக்கெடுப்புக்குப் போய், நெற்றி விளக்கோடு மர நிரையில் நிற்க வேண்டும். மரமே இல்லாமல் போய் எத்தனையோ ஆண்டுகள் ஆன பின்னும் இவர் மூன்றரைக்கு எழுகிறார். அந்த வீட்டில் கடுகு விழித்திருக்கும்போது விழித்திருந்தவர் அவர் ஒருவர்தான். அவரிடம் யாரும் கேட்கவில்லை.

அவரையே பதிவாளராக்கினேன். நாட்காட்டியின் தினசரித் தாள்களைக் கிழிக்காமல் வைத்து ஒவ்வொன்றிலும் குறி போட்டார். சக்கரம் ஓடினால் வட்டம், தின்றால் கோடு, நுரை பூசினால் புள்ளி, 'புஸ்' என்றால் பெருக்கல் குறி. இரவு பத்து வரை பையன் பார்த்ததை அவன் எழுதினான். இருபத்தெட்டு இரவுகள் அப்படிச் சேர்ந்தன.

அந்தத் தாள்கள் இப்போது என்னிடம் இருக்கின்றன. ஏறக்குறைய எல்லா இரவிலும் வட்டம் இருக்கிறது. முதல் வாரம் பெருக்கல் குறிகள் நிறைய. கூடத்தில் தொலைக்காட்சி நள்ளிரவு வரை ஓடிய நாள்களில் கடுகு ஒரு மணிக்குப் பிறகே வெளியே வந்திருக்கிறது. புள்ளிகள் மொத்தம் ஐந்துதான்: சாம்பிராணி போட்ட நாள், பாட்டி தைலம் தடவிய கை, அப்பாவின் தோல் இடைவார், கூண்டில் புதிய மரத்தூள் கொட்டிய இரவு, முதன்முதலாகப் பாச்சை என்னும் சுவர்க்கோழிப் பூச்சி தின்ற இரவு. இந்த ஐந்தையும் கண்ணால் பார்த்த பிறகுதான் அம்மா வெறிநாய்க்கடிப் பேச்சை விட்டார்.

வீட்டில் மாற்றியவை

கூண்டைக் கூடத்திலிருந்து எடுத்தோம். அடுக்களைக்கு மாற்றலாம் என்று அம்மா சொன்னதை நான் ஏற்கவில்லை. முள்ளெலியின் கழிவில் சால்மொனெல்லா கிருமி இருக்கக்கூடும். 2019-இல் முள்ளெலி வளர்த்தவர்களிடையே அந்தக் கிருமி பரவியது குறித்து அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் எச்சரிக்கை விடுத்தது. சமைக்கும் இடத்தில் கூண்டு வேண்டாம், முத்தம் வேண்டாம், தொட்ட பின் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். பின்கட்டில், குளியலறைச் சுவரை ஒட்டிய சிமெண்டுத் தரையில் இடம் கிடைத்தது. நடுப்பகலிலும் தணுப்பாக இருக்கும் இடம் அது.

கம்பிக் கூண்டுக்குப் பதில் பெரிய பிளாஸ்டிக் பெட்டி, நுழைந்து மறைய ஒரு மரப்பெட்டி. கம்பிச் சக்கரத்தில் கால் சிக்கி முறியும், அளவும் போதாது, முதுகு வளையும். அப்பா ஒரு வாளியின் அடிப்பாகத்தை அறுத்து, 30 செண்டிமீட்டர் அகலத்தில், ஓட்டையில்லாத சக்கரம் செய்தார். பழைய ஸ்கேட் சக்கரத்தின் உருளை அச்சைப் பொருத்தியதால் சத்தமே இல்லை. கிழங்கு வேண்டாம் என்று சொன்னபோது முகம் சுருங்கிய மனிதர், சக்கரம் ஓடியதைக் காட்ட என்னை இரவு பதினொரு மணிக்குத் தொலைபேசியில் கூப்பிட்டார்.

தீனி: கொழுப்பு குறைந்த உலர்ந்த பூனைத் தீனி, மாவுப்புழு, பறவைக் கடையில் சென்கெரிக் என்று விற்கும் பாச்சை. தோட்டத்தில் பிடித்த பூச்சி கூடவே கூடாது, களைக்கொல்லி தெளித்த மண்ணில் மேய்ந்தது அது. வெங்காயம், பூண்டு, திராட்சை, சாக்லேட் அருகிலும் வரக் கூடாது. பாலுக்குப் பதில் தண்ணீர்.

ஏழாவது வாரம்

முள் உதிர்வது நின்றுவிட்டது. எடை முதல் வாரத்தில் 240 கிராம், இப்போது 310. கழிவு கெட்டியாகிவிட்டது. இரவு ஒன்பதரைக்குப் பின்கட்டு விளக்கை அணைத்துவிட்டுப் பையன் தரையில் கால் நீட்டி உட்காருகிறான். கடுகு வெளியே வந்து, மூக்கை உயர்த்தி மோந்து, அவன் காலைக் கடந்து போகிறது. சில இரவுகளில் மடியில் ஏறி இறங்குகிறது. முள் படுத்தே இருக்கிறது. இதற்கு மேல் அன்பு என்று நான் சொல்ல மாட்டேன், அது அவனுக்குப் பயப்படவில்லை என்பது மட்டுமே தெரியும். "பகலில் எப்போதாவது விளையாடுமா, டீச்சர்?" என்று கேட்டான். விளையாடாது என்று சொன்னேன். அவனுக்கு வருத்தம்தான்.

அம்மா இன்னும் தொடுவதில்லை. ஆனால் திருப்பிக் கொடுக்கும் பேச்சை நிறுத்திவிட்டார். குளிர்சாதன அறைக் கதவில் 'கடுகு வரக் கூடாது' என்று கொட்டை எழுத்தில் ஒட்டியிருப்பவர் அவர்தான்.

சனிக்கிழமைகளில் பையன் நாலு மணிக்கு எழுந்துகொள்கிறான். பாட்டி வரக்கோப்பி கலக்குகிறார். இருவரும் பின்கட்டுப் படியில் விளக்கில்லாமல் உட்கார்ந்து, உள்ளே சக்கரம் சுழல்வதைக் கேட்கிறார்கள். முந்தைய சனிக்கிழமைத் தாளில் பாட்டியின் வட்டத்துக்குப் பக்கத்தில் பையனின் கையெழுத்தில் ஒரு வரி இருக்கிறது: "4.20 – பாச்சை தின்றது. நான் பக்கத்தில் இருந்தேன். புஸ் சொல்லவில்லை."